ஒரு சுளகு தவிடு

"உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது" என்று பிள்ளைகளைச் சீண்டாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. பெரியவர்கள் சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பிள்ளை உதட்டைப் பிதுக்கும். தாய்க்காரி ஓடிவந்து தூக்கிக் கொஞ்சி, "சும்மா பகிடிக்கு, என்ட குஞ்சு" என்பாள். நல்ல பகிடிதான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யாராவது அந்தக் கதையை எடுத்தால் நான் எழும்பி வெளியே போய்விடுவேன். தேத்தண்ணீர் பாதி குடித்தபடி இருந்தாலும் வைத்துவிட்டுப் போவேன். சிடுமூஞ்சி என்று எனக்குச் சனம் வைத்த பேருக்கு அதுவும் ஒரு காரணம். வைத்தால் வைக்கட்டும்.

எங்கள் வீட்டில் அது பகிடியாக இருக்கவில்லை. எங்கள் தங்கச்சியை உண்மையாகவே தவிட்டுக்கு விற்றோம். விற்பதற்காகப் புதுச்சட்டை போட்டு, பயற்றம்பணியாரம் கட்டிக்கொண்டு, லீவு நாளில் குடும்பமாகப் பயணம் போனோம்.

யுத்தம் எங்கள் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த காலம். எனக்கு எட்டு வயது. தங்கச்சிக்கு ஒன்றரை வயது இருக்கும். நடக்கப் பழகுவதற்கு முன்பே ஓடப் பழகிவிட்டாள். கண்டதையெல்லாம் கடிப்பாள். கதிரைக் கால், என் சிலேற்று, ஐயாவின் முழங்கை, எதையும் விட்டுவைக்கமாட்டாள். ஒழுங்கையில் மீன் விற்க வரும் பெண்ணை இரண்டு தரம் கடித்திருக்கிறாள். கடித்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் கைநீட்ட மனம் வரும்?

ஐயா துறைமுகத்தில், கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் இரும்பு வேலை செய்தார். சிங்கப்பூர் விழுந்துவிட்டது, அடுத்தது நாங்கள்தான் என்று கடையிலும் கோயிலிலும் ஒரே கதை. பதுங்குவதற்கு வளவுக்குள் குழி வெட்டச் சொல்லிக் கட்டளை வந்தது. சங்கு ஊதினால் எப்படி ஓடிப்போய்க் குழிக்குள் குந்துவது என்று பள்ளிக்கூடத்தில் பழக்கினார்கள். எங்களுக்கு அது நல்ல விளையாட்டு. ஐயாவுக்குத்தான் நித்திரை போனது. குண்டு விழுந்தால் முதலில் டொக்யாட்டில்தான் விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த நேரம் பார்த்து ஐயா ஒரு சாத்திரியாரிடம் போனார். சாத்திரியார் எல்லோருடைய சாதகத்தையும் விரித்துவைத்துப் பார்த்துவிட்டு, தகப்பனுக்கு ஒரு கண்டம் இருக்கிறது, அது சின்னப் பிள்ளையின் சாதகத்தால் வருகிறது என்றாராம். ஜப்பான்காரன் கப்பல் கப்பலாகக் கட்டி, ஏறோப்பிளேனை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருவது எங்கள் வீட்டில் கதிரையைக் கடித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையால்தான் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரர் அவர். பரிகாரமும் அவரே சொன்னார். பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும்.

அப்படி விற்கிற வழக்கம் எங்கள் சனத்திடம் இருந்ததுதான். பிள்ளையின் சாதகம் தாய் தகப்பனுக்கு ஆகாது என்றால், வேறொருத்தி ஒரு சுளகு தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்குவாள். அதன் பிறகு அது அவளுடைய பிள்ளை என்று பேர். கிரகங்கள் வந்து பார்த்து, இந்த வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இல்லையே என்று ஏமாந்து போய்விடும். பிறகு தேங்காய் வெற்றிலை கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்கிவிடலாம். கிரகங்களுக்குக் கண் உண்டு, மூளை இல்லை என்பது எங்கள் ஆட்களின் எண்ணம்.

இதில் ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவள் வீடு நிறையப் பிள்ளை வைத்திருக்கிறவளாக இருக்க வேண்டும். மீன் விற்கிற பெண்ணுக்கு ஆறு பிள்ளைகள். அம்மா அவளோடு கதைத்தும் விட்டார். அவள் சிரித்துக்கொண்டு, "பின்னேரம் விளக்கு வைக்குமட்டும் வைச்சிருக்கிறன். அதுக்கு மேல ஏலாது தாயே, உன்ட பிள்ளை கடிக்கும்" என்றாள்.

ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. கிளிவெட்டியில் சொந்த அக்கா இருக்கும்போது ஒழுங்கையில் மீன் விற்கிறவளிடம் ஏன் போக வேண்டும் என்றார். ஐயாவின் அக்கா, எங்கள் மாமி, வயல்காரி. மாடு, நெல், தயிர் எதற்கும் குறைவில்லை. பிள்ளை மட்டும் இல்லை.

"மச்சாளுக்குப் பிள்ளை இல்லை" என்றார் அம்மா.

"அதுக்கு?"

"பிள்ளை இல்லாத ஆக்களிட்ட விக்கிறதில்லை. அது முறையில்லை."

"விசர்க்கதை கதையாத. காலமை வித்தா பின்னேரம் வாங்கிறது. லீவு வருது, பிள்ளையளுக்கும் ஒரு பயணமாப் போகும்."

டொக்யாட்டில் பெரிய வெள்ளியோடு சேர்த்து லீவு கொடுத்திருந்தார்கள். ஐயாவுக்கு அப்படித் தொடர்ந்து லீவு கிடைத்தது எனக்கு ஞாபகம் தெரிய அதுதான் முதல் தரம். அம்மா தேங்காயும் வெற்றிலையும் பாக்கும் முதல் நாளே எடுத்துத் தனியாகக் கட்டிவைத்தார். அதைத்தான் நான் பிறகு அடிக்கடி நினைப்பது. விற்கப் போகிறவள் திருப்பி வாங்குவதற்கு வேண்டியதை முதலில் கட்டினாள்.

விடியவே மூதூர்ப் பாய்வள்ளத்தில் ஏறினோம். வள்ளக்காரர் மூதூர் முஸ்லிம் ஆள். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்களும் அவரைக் காக்கா என்போம். கடலில் எங்கே திரும்பினாலும் கப்பல். அவ்வளவு பெரிய கப்பல்களை நான் முன்பு பார்த்ததில்லை. கப்பலைக் கையால் காட்டக் கூடாது, காட்டினால் ஒற்றன் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று சனம் பயந்திருந்த காலம் அது. தங்கச்சிக்கு அது தெரியுமா? "கப்பே! கப்பே!" என்று இரண்டு கையாலும் காட்டினாள். ஐயா ஒரு கையைப் பிடித்து மடக்கினால் மற்றக் கை எழும்பும். கடைசியில் ஐயா அவளைத் தன் சால்வைக்குள் சுற்றி மடியில் இறுக்கி வைத்துக்கொண்டார். சால்வைக்குள்ளிருந்தும் "கப்பே" என்று சத்தம் வந்தது. காக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "இவதான் ஜப்பான்காரன்ட பெரிய ஒற்றன் போல, தம்பி" என்றார். ஒரு தோடம்பழத்தை உரித்து அவளுக்குக் கொடுத்தார். அம்மாகூடச் சிரித்தார்.

மூதூரில் இறங்கி மாட்டு வண்டி பிடித்தோம். தோப்பூர்ச் சந்தையில் வண்டி நின்றபோது ஐயா தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்கச் சுற்றினார். அவள் ஐயாவின் தலைமயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தாள். நோகுமே, ஐயா விலக்கவில்லை. ஐயா அவள் மேல் ஆசை இல்லாதவர் இல்லை. எனக்கு ஐயா மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவர் பிள்ளைகளோடு சந்தைக்கு வந்த சந்தோஷமான மனிதர். பார்த்த யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

மாமி படலையடியில் நின்றார். பெரும்போக வெட்டு முடிந்து வீடு நிறைந்திருந்தது. நெல் மூட்டை கூரை முட்ட அடுக்கியிருந்தது. பட்டினத்தில் நாங்கள் அரிசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். இங்கே கோழிக்கு அரிசி எறிந்தார்கள். எனக்குச் சட்டி நிறையத் தயிர் தந்தார்கள், நான் மூக்கு முட்டச் சாப்பிட்டேன். உள்ளே விறாந்தையில் புதுச் சேலையில் ஒரு ஏணை கட்டித் தொங்கியது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பகலுக்கு ஏணை எதுக்கு மச்சாள்?"

"பகலெண்டாலும் பிள்ளை நித்திரை கொள்ள வேணுமே" என்றார் மாமி.

மாமி கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். சொல்ல ஆசைதான். தங்கச்சி போன உடனேயே அவர் கையைக் கடித்தாள், பல்லுப் பதிந்தது. மாமி அந்தப் பல்லுத் தடத்தை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டி, "பாருங்கோ, பாருங்கோ" என்று சிரித்தார். சிரித்த கண்ணில் தண்ணீர் நின்றது. கடி நொந்துவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை விற்பனை. முற்றத்தைச் சாணி தெளித்து மெழுகியிருந்தார்கள். தங்கச்சியை முழுகவார்த்து நடுவில் இருத்தினார்கள். மாமி ஒரு சுளகு தவிட்டோடு வந்து எதிரில் நின்றார். மூன்று தரம் கேட்க வேண்டும், மூன்று தரமும் தாய் பதில் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"பிள்ளை விக்கிறியளோ?"

தங்கச்சி சுளகுக்குள் கையை விட்டுத் தவிட்டை அள்ளி வீசினாள். மாமியின் முகம், தலை, சேலை எல்லாம் தவிடு. நான் விழுந்து சிரித்தேன். மாமாவும் சிரித்தார். அம்மா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை.

"சொல்லன்" என்றார் ஐயா. "சும்மா ஒரு சொல்லுத்தானே."

மாமி இரண்டாம் தரமும் கேட்டார். அம்மா தலையை ஆட்டினார். தலை ஆட்டினால் காணாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். அதுவும் மூன்று தரமும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். கடைசியில் அம்மா, "ஓம் விக்கிறன், ஓம் விக்கிறன், ஓம் விக்கிறன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு முந்தானையை விரித்தார். மாமி தவிட்டை அதில் கொட்டினார். தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு, புதுப் பேர் ஒன்று சொல்லிக் கூப்பிட்டபடி உள்ளே போனார். அந்தப் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மா திரும்பிப் பார்க்காமல் படலைக்கு வெளியே நடக்க வேண்டும் என்பதால் நடந்தார். உள்ளேயிருந்து தங்கச்சி அம்மாவைக் கூப்பிடுவது கேட்டது. வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றார்.

பகல் முழுக்க அம்மா மாட்டுக் கொட்டிலடியில்தான் இருந்தார். சாப்பிடவில்லை. மாமி வீட்டில் விளக்கு வைக்கிற நேரம் வந்ததும் எழும்பி, முகம் கழுவி, தேங்காய் வெற்றிலையைத் தட்டத்தில் வைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன். தங்கச்சி ஏணைக்குள் நித்திரை.

"இந்தாங்கோ மச்சாள். பிள்ளையைத் தாங்கோ."

மாமி தட்டத்தை வாங்கவில்லை. ஐயாவைப் பார்த்தார். ஐயா கூரையைப் பார்த்தார்.

"தம்பி சொல்லேல்லையோ? சித்திரை வருசம் பிறக்குமட்டும் பிள்ளை இஞ்ச நிக்க வேணும்."

"கண்டம் பழைய வருசத்தோட முடியுதாம்" என்றார் ஐயா, இன்னும் கூரையைப் பார்த்தபடி. "அதுமட்டும் எங்கட வீட்டுப் படியை அவள் மிதிக்கக் கூடாதாம். சாத்திரியார் சொன்னவர்."

"நீங்கள் எனக்கு இதைச் சொல்லேல்லை."

"சொன்னா நீ வந்திருக்கமாட்டாய்."

அது சரி. சொன்னால் வந்திருக்கமாட்டார். இவ்வளவு உண்மையை இவ்வளவு அமைதியாகச் சொல்லக்கூடிய மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அம்மா சண்டை பிடிக்கத் தெரியாதவர். அப்படியென்றால் நானும் வருசம் பிறக்கும்வரை இங்கேயே நிற்கிறேன் என்றார். விற்ற வீட்டில் தாய் நின்றால் விற்றது செல்லாது என்றார்கள். பிள்ளை இன்னும் பால் குடிக்கிறது என்றார். எங்களிடம் மாடு இருக்கிறது என்றார்கள்.

மாமி என்னையும் விட்டுப் போகச் சொன்னார். தயிரை நினைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன். அம்மா என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். வண்டியில் ஏறும்போது மாமா ஒரு சாக்கு அரிசி கொண்டுவந்து வைத்தார். "தவிட்டுக்குத்தானே வித்தனாங்கள்? அரிசி எதுக்கு?" என்று அம்மா கேட்டார். மாமா நல்ல மனிதர், பாவம், மாட்டைத் தட்டிக் கொடுத்தார். ஐயா அரிசியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த அரிசியை அம்மா இரண்டு நாள் தொடவில்லை. பிறகு சமைத்தார். நான் சாப்பிட்டேன். நல்ல அரிசி.

மூதூர்த் துறையில் சனம் கூடி நின்றது. கொழும்பில் குண்டு போட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்திருந்தது. "பாத்தியா?" என்றார் ஐயா அம்மாவிடம், ஏதோ தானே ஏற்பாடு செய்ததுபோல. "நல்லதாப் போச்சு, பிள்ளை அங்க நிக்கிறது." வள்ளத்தில் காக்கா எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "எங்க என்ட ஒற்றன்?" என்று கேட்டார். ஐயா, அக்கா வீட்டில் என்றார். காக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாய்க் கயிற்றை இழுத்தார். அம்மாவின் சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. கடல் தெறித்துவிட்டது என்று நினைத்து நான் என் சட்டையைப் பார்த்தேன். என் சட்டை காய்ந்திருந்தது.

விற்ற தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட வேண்டும் என்பது வழக்கம். அம்மா வைக்கவில்லை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்த அந்தத் தவிட்டை ஒரு தகரப் பேணியில் போட்டு மூடிக் குசினித் தட்டில் வைத்தார். கொடுத்த தவிட்டை அப்படியே கொடுத்து, கொடுத்த பிள்ளையை அப்படியே வாங்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

அந்தக் கிழமை முடிவதற்குள் எங்கள் துறைமுகத்திலும் குண்டு விழுந்தது. ஐயா வேலைக்குப் போயிருந்தார். காலையில் சங்கு ஊதியது. நானும் அம்மாவும், மீன் விற்கிற பெண்ணும், அவளுடைய பிள்ளைகளும் எங்கள் வளவுக் குழிக்குள் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். நிலம் குலுங்கி மண் தலையில் கொட்டியது. பள்ளிக்கூடத்தில் பழக்கிய விளையாட்டில் இந்தச் சத்தம் இருக்கவில்லை. நான் வெருண்டு கத்தினேன். அம்மா கத்தவில்லை. "அவர் வரவேணும், அவர் வரவேணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் வெளியே வந்தபோது துறைமுகப் பக்கம் கறுத்த புகை எழும்பி வெய்யிலை மறைத்திருந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு ஐயா வந்தார். தலையிலிருந்து கால்வரை எண்ணெயும் கரியும். படியில் குந்தி, "தண்ணி குடிக்கப் போனனான்" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பிப் பார்க்க, அவர் நின்ற இடமும் இல்லை, கூட நின்ற ஆட்களும் இல்லை. அவர் கை நடுங்கியது. அம்மா செம்பைப் பிடித்துப் பருக்கினார். பிறகு சுவரில் சாய்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். பிள்ளையை விட்டுவந்த பிறகு அம்மா முதல் தரம் சிரித்ததைப் பார்த்து நானும் குதித்தேன்.

"கண்டம் போயிட்டுது" என்றார் அம்மா. "முடிஞ்சுது, என்ன? இனிப் பிள்ளையைக் கூட்டிவரலாம்."

ஐயா நிமிர்ந்து பார்த்தார்.

ஊர் காலியானது. பெட்டி படுக்கையோடு சனம் கிடைத்த பக்கம் நடந்தது. நாங்களும் நிலாவெளியில் அம்மாவின் சொந்தக்காரர் வளவில் ஒரு கொட்டிலுக்குப் போனோம். மற்றச் சாமான்களையெல்லாம் வண்டியில் போட்ட அம்மா, தவிட்டுப் பேணியை மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். வருசப்பிறப்பன்று, அந்தக் குழப்பத்துக்குள்ளும், ஐயாவை நச்சரித்து வெளிக்கிட வைத்து, காக்காவின் வள்ளத்தைத் தேடிப் பிடித்து, கிளிவெட்டிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தங்கச்சி முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். காலில் வெள்ளிக் கொலுசு, கண்ணுக்கு மை. கொஞ்சம் கொழுத்திருந்தாள். அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றாள். பிறகு வந்து ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தைப் புதைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டும் நிமிரவில்லை. அம்மாவின் தோளிலேயே நித்திரையாகிவிட்டாள்.

அம்மா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் பேணியைத் திறந்து மாமியின் முன்னால் வைத்தார். தேங்காய், வெற்றிலை, பாக்கு எல்லாம் வைத்தார். மாமி குனிந்து பேணிக்குள் பார்த்தார்.

"வண்டு பிடிச்சிட்டுது மச்சாள்."

"அதே தவிடுதான்."

மாமி பேணியை மூடினார். பிறகு, கோபமே இல்லாமல், தாயும் பிள்ளையும் ஒட்டிக்கொண்டு நின்ற அழகைப் பார்த்து இரங்கியவர் போல, சொன்னார். "கொண்டுபோங்கோ. நான் மறிக்கமாட்டன். ஆனா ஒண்டு கேக்கிறன். குண்டு விழேக்க தம்பி எப்பிடித் தப்பினவன்? பக்கத்தில நிண்டவங்களெல்லாம் போக, இவன் மட்டும் ஏன் தண்ணி குடிக்கப் போனவன்? பிள்ளை என்ட பேரில இஞ்ச இருந்ததாலதான். ஜப்பான்காரன் இன்னும் வருவான் எண்டு சொல்லுறாங்கள். நாளைக்குத் தம்பிக்கு ஒண்டு நடந்தா, நான் தாலியைத் தேடித் தர ஏலாது."

அம்மா ஐயாவைப் பார்த்தார். "இஞ்சேருங்கோ, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

ஐயாவின் கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. கால்களுக்கு நடுவில் கையை வைத்து அமத்திக்கொண்டிருந்தார். "இன்னும் ஒரு வருசம் இருக்கட்டும்" என்றார். "யுத்தம் முடியட்டும். நான் அங்க நிண்டனான். நீ பாக்கேல்லை. நான் பாத்தனான்."

அம்மா பிள்ளையைக் கொண்டு ஓடியிருக்கலாம் என்று நான் பின்னாளில் கோபத்தோடு நினைத்ததுண்டு. எங்கே ஓடுவது? ஓடிய பிறகு ஒவ்வொரு முறை சங்கு ஊதும்போதும் அம்மாதான் ஐயாவைக் கொன்றுகொண்டிருப்பார். மாமி பாயை விரித்தார். அம்மா குனிந்து, கழுத்திலிருந்த கையை ஒவ்வொன்றாக எடுத்து, நித்திரையில் இருந்த பிள்ளையைப் பாயில் கிடத்தினார்.

ஒரு வருசம் முடிந்து இன்னொரு வருசம் என்றார்கள். யுத்தம் முடிந்த பிறகு, இனிப் பிள்ளை ஏங்கிப்போகும் என்றார்கள். தங்கச்சி கிளிவெட்டியிலேயே வளர்ந்தாள், கலியாணம் முடித்தாள். மாமியை அம்மா என்றும் அம்மாவை மாமி என்றும் கூப்பிட்டாள். நல்ல மரியாதையான பிள்ளை, வீட்டுக்கு வந்தால் "என்ன மாமி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்பாள். அம்மா, "ஓம் பிள்ளை" என்பார். ஐயா எண்பது தாண்டி, தலைமயிர்கூட முழுக்கக் கொட்டாமல், நித்திரையில் போனார். சாத்திரியாரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த வருசப்பிறப்பன்று திரும்பி வந்த பயணத்தை. மூதூருக்குத் திரும்பும் வண்டியில் ஐயா முன்னால் வண்டிக்காரரோடு இருந்தார். பின்னால் நானும் அம்மாவும். வழி நெடுகப் புதுச் சட்டை போட்ட பிள்ளைகள். அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை, எனக்கு அது தாங்கவில்லை. மாமி சொன்னது, ஐயா சொன்னது எல்லாவற்றையும் நானும் கேட்டுக்கொண்டுதானே நின்றேன். பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் கெட்டிக்காரி. மனத்துக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்து, விடை வந்ததும் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, ஐயா அண்டைக்கு டொக்யாட்டில செத்திருந்தா தங்கச்சி இப்ப எங்களோட வந்திருப்பாள், என்ன?"

அம்மா அதற்கு முதல் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அடி கன்னத்தில் விழுந்தது. அடித்த கையாலேயே என் வாயைப் பொத்தி, தன் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தார். எனக்கு மூச்சு முட்டியது. ஐயாவுக்குக் கேட்டிருக்கும், எட்டு வயதில் நான் மெதுவாகப் பேசுகிற பிள்ளை இல்லை. அவர் திரும்பவில்லை.

வருசப்பிறப்பும் அதுவுமாகச் சாவுக் கதை கதைத்ததற்குத்தான் அந்த அடி என்று நான் கனகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு பொங்கலோ தீபாவளியோ, எந்த நல்ல நாள் வந்தாலும் கெட்ட சொல் ஒன்றும் வாயில் வராமல் மிகவும் கவனமாக இருந்தேன். அம்மா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.